கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும் "ஊம்ம்ம்" சத்தம், தூசி எடுத்தும் போகவில்லை, உதவி தேவை

ஆல்பம்_வேலை:
வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற டெஸ்க்டாப் இது. விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, போட்டோக்களுக்கு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று பழையது, இன்னொன்று பேக்கப்புக்காகச் சமீபத்தில் போட்டது. கொஞ்ச நாளாக "ஊம்ம்ம்" என்று ஒரு சத்தம். ஒரே சீராக வந்தாலாவது காது பழகிவிடும், இது நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பெருத்து, அப்புறம் அடங்கி, மறுபடி பெருக்கிறது. இரவு வேலை செய்தால் அடுத்த அறையில் தூங்குகிற குழந்தை வரைக்கும் கேட்கிறது. ப்ளோயர் வைத்துத் தூசியெல்லாம் எடுத்தாயிற்று. கடையில் கேட்டதற்கு, திறந்துகூடப் பார்க்காமல் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

குமரி_நெட்:
எஸ்எம்பிஎஸ் ஃபேன் தேய்ந்தால் கரகரவென்று வரும் ப்ரோ, நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. எதற்கும் அதை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், தொட்டால் ஆபத்து.

சால்டரிங்_அண்ணன்:
தம்பி, காசைச் செலவழிக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பெரிய எக்ஸ்போர்ட் ஒன்றைப் போட்டுவிட்டுக் கேளுங்கள், ஃபேன் வேகமெடுக்கும்போது இந்தச் சத்தமும் கூடவே கீச்சாகிறதா, இல்லை அதே சுருதியில் நிற்கிறதா? சைடு பேனலை உள்ளங்கையால் அழுத்தினால் குறைகிறதா? அப்புறம், தானாக நின்றுபோகிற நேரம் ஏதாவது உண்டா? எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடினால் கேபினெட்டின் தகரம் நம்மை ஏமாற்றிவிடும், எப்போது வருகிறது என்று பார்த்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

ஆல்பம்_வேலை:
பார்த்துவிட்டேன் அண்ணா. எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் இரைச்சல் தனியாக ஏறுகிறது, இந்த "ஊம்" கொஞ்சமும் மாறவில்லை. பேனலை அழுத்தினால் பாதியாகக் குறைகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், சாப்பிட்டுவிட்டு வந்தால் சத்தம் ஏறி இறங்காமல் லேசாக, ஒரே சீராக இருக்கிறது. பேக்கப் டிரைவில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் சில விநாடி தாமதித்துத் திறக்கிறது, அதிலிருந்து பழையபடி ஏறி இறங்க ஆரம்பிக்கிறது.

சால்டரிங்_அண்ணன்:
அப்படியானால் ஹார்ட் டிஸ்க்தான், அதுவும் இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. 7200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 120 சுற்று, அதனால் 120 ஹெர்ட்ஸில் ஒரு அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். ஆனால் எந்த இரண்டு டிஸ்க்கும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றாது. ஒன்று 120, இன்னொன்று 119.8 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அதிர்வும் 5 விநாடிக்கு ஒருமுறை ஒன்றோடொன்று கூடும், இடையில் ஒன்றையொன்று அடக்கும். தம்புராவில் இரண்டு தந்தி சுருதி சேரச் சேர ஒரு அலை கேட்குமே, அதே கணக்குதான். விண்டோஸில் சும்மா கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கை 20 நிமிடத்தில் நிறுத்துகிற செட்டிங் வழக்கமாகவே இருக்கும், நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் பேக்கப் டிஸ்க் நின்றிருக்கிறது, மிச்சம் ஒன்று மட்டும் சுற்றியதால் அலை இல்லை.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி, பேக்கப் டிஸ்க்கின் பவர் கேபிளையும் சாட்டா கேபிளையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் சுற்றும்போது மட்டும் அதை அசைக்கவே கூடாது. அதற்கும் முன்னால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேர் போட்டு இரண்டு டிஸ்க்கின் நிலையையும் பாருங்கள், டிஸ்க்கில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டுகிற 05, சி5 என்கிற வரிகளில் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். "டிக் டிக்" என்று தட்டுகிற சத்தம் வந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் தம்பி, திரும்ப எடுக்க முடியாது.

மதுரை_கேமர்:
நடுவில் ஒரு சந்தேகம் அண்ணா. எனக்கு கேம் ஆடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து "கீய்ங்" என்று மெல்லிசாக வருகிறது, ஃபேனை நிறுத்தினாலும் போகவில்லை.

சால்டரிங்_அண்ணன்:
அது கார்டில் இருக்கிற காயில் அதிர்கிற சத்தம் தம்பி, கார்டுக்குக் கெடுதல் இல்லை. மெனுத் திரையில் விநாடிக்கு 300, 400 ஃபிரேம் ஓடும்போதுதான் அதிகமாகக் கேட்கும். டிரைவர் செட்டிங்கில் ஃபிரேமை மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டுக்குக் கட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆல்பம்_வேலை:
அண்ணா, பேக்கப் டிஸ்க்கைக் கழற்றியதும் அலை போயே போய்விட்டது! இரண்டிலும் 05, சி5 பூஜ்யம்தான், நிம்மதி. ஆனால் பேக்கப் இல்லாமல் வேலை செய்ய முடியாதே, மறுபடி எப்படி மாட்டுவது?

சால்டரிங்_அண்ணன்:
இப்போது இரண்டும் ஒரே தகரக் கூண்டில், அடுத்தடுத்து, ஸ்க்ரூவால் நேராக இறுக்கப்பட்டிருக்கும். ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், டிவிடி டிரைவ் இடம் காலியாக இருந்தால் அங்கே அடாப்டர் பிராக்கெட் போடலாம். எங்கே மாட்டினாலும் ஸ்க்ரூவுக்கும் தகரத்துக்கும் நடுவிலும், தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவிலும் ரப்பர் வாஷர் வேண்டும், அதற்கேற்ற நீளமான ஸ்க்ரூ வாங்குங்கள். ரொம்ப இறுக்கினால் ரப்பர் நசுங்கிப் பயனில்லாமல் போகும். சைடு பேனலின் உள்பக்க ஓரத்தில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் தகரம் பாடாது. ஒன்று கவனம், டிஸ்க்கின் சூடு கொஞ்சம் தகரம் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரப்பர் போட்டால் அது குறையும். பெரிய காப்பி போடும்போது டெம்பரேச்சர் பாருங்கள், 50க்குப் பக்கத்தில் போனால் முன்னால் ஒரு ஃபேன் வைக்க வேண்டும்.

ஆல்பம்_வேலை:
முடிந்தது அண்ணா. டிவிடி டிரைவ் இடத்தில் பேக்கப் டிஸ்க், இரண்டுக்கும் ரப்பர் வாஷர், பேனலுக்கு ஃபோம் டேப். கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்து ஃபோல்டர் முழுவதையும் காப்பி போட்டுப் பார்த்தேன், 43 டிகிரிக்கு மேல் போகவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தில் வெளியில் வைக்க இன்னொரு பேக்கப் டிஸ்க் வாங்கப் போகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.

சால்டரிங்_அண்ணன்:
நல்லது தம்பி. அந்த வெளி டிஸ்க்கை இதே மேசையில் வைக்காமல் வேறு வீட்டில் வையுங்கள். கொஞ்ச நாள் கழித்து ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ரப்பர் படிந்து லூசாகியிருக்கும்.