பழைய வலையின் மூலைகளில் கிடப்பது புதையலா, பழைய சாமானா?

மோடம்மணி:
இரண்டு நாளாக 1990களின் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்துவைத்திருக்கும் வேபேக் மெஷினில் ஒரு பழைய முகவரியைப் போட்டு உள்ளே போனால் பொழுது போவதே தெரிவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த மூலை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிக் குடுவை. அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே குடுவை. வேலையை விட்டுவிட்டு நடந்து வந்து பார்த்தால் காலி. கடுப்பானவர்கள் 1991ல் அதன் எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, உள் வலைப்பின்னலில் படத்தை ஓடவிட்டார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993 நவம்பரில் படம் வலைக்கும் வந்துவிட, எங்கெங்கோ இருந்தவர்கள் லட்சக்கணக்கில் அடுத்தவர் காபியை எட்டிப்பார்த்தார்கள். 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்தார்கள். ஓடாத அந்த இயந்திரத்தை ஈபேயில் 3,350 பவுண்டுக்கு ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையப் பிரிவு எடுத்தது. இப்படி ஒரு வேலையத்த அழகு இன்றைய வலையில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கறார்கண்ணன்:
மணி, நீங்கள் பார்ப்பது சலித்து மேலே நின்ற பத்துப் பக்கம். சல்லடையில் விழுந்ததை நான் நேரில் பார்த்தவன். ஊதாப் பின்னணியில் பச்சை எழுத்து. திறந்ததும் கேட்காமலே அலறும் மிடி என்ற கணினி இசை. "கட்டுமானப் பணி நடக்கிறது" என்று மஞ்சள் தொப்பி போட்ட ஆள் மண் வெட்டிக்கொண்டே இருப்பார். மண்ணும் தீராது, பக்கமும் முடியாது. விட்டு விட்டு மின்னிக் கண்ணைக் குத்தும் பிளிங்க் எழுத்தை ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2013ல் தூக்கியபோது யாரும் அழுததாகத் தெரியவில்லை.

சும்மாவந்தேன்:
அண்ணா, நான் பிறந்ததே 2001ல். நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மீன் தொட்டி வருமாமே, நிஜமா?

மோடம்மணி:
நிஜம் தம்பி. அந்த நிறுவனத்து அலுவலக மீன் தொட்டிதான். 1994ல் அதற்குக் கேமரா வைத்தவர் லூ மொண்டுல்லி. தளம் நம்மை அடையாளம் கண்டுகொள்ள உலாவியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு இருக்கிறதே, அந்தக் குக்கியைக் கண்டுபிடித்தவரும் அவரே.

கறார்கண்ணன்:
பார்த்தீர்களா! இன்று ஒரு செருப்பைப் பார்த்துவிட்டால் மாதம் முழுக்க அது நம்மைத் துரத்துகிறதே, அந்தக் குக்கி உங்கள் பொற்காலத்துச் சரக்கு. மீனைக் காட்டிய அதே கை.

மோடம்மணி:
குக்கி கடைக்காரர்களுக்காக வந்தது. மீன் யாருக்காகவும் வரவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும். டெலிகார்டனைப் பாருங்கள். 1995ல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னத் தோட்டம், நடுவில் ஒரு ரோபோ கை. உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்தக் கையை ஆட்டி விதை நடலாம், தண்ணீர் விடலாம். அப்புறம் ஆஸ்திரியாவுக்கு மாறி 2004 வரை ஓடியது. ஒருவர் நட்ட செடிக்கு யாரோ முகம் தெரியாதவர் தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருப்பார்.

கறார்கண்ணன்:
சரி, தோட்டம் நல்ல தோட்டம்தான். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? யாஹூவே 1994ல் இரண்டு மாணவர்கள் கையால் தொகுத்த பட்டியல்தான். அதில் இல்லையா, ஒரே விஷயம் பேசும் தளங்களை வளையமாகக் கோத்த வெப்ரிங்கில் "அடுத்தது" என்று அழுத்திக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒருவர் கடையைக் கட்டினால் வளையம் அறுந்தது. தமிழ் படிக்க வேண்டுமானால் கேட்கவே வேண்டாம். தளத்துக்கு ஒரு எழுத்துரு. இறக்காமல் திறந்தால் பக்கம் முழுக்கப் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள்.

பூச்சிப்பிரியை:
கண்ணன் சார், அந்த எழுத்துருக் கொடுமைக்கு நடுவில்தான் 1998ல் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்க நூல்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தி ஏற்றினார்கள். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் குறியாக்கம் மாறியபோது அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். இன்றும் அங்கிருந்துதான் நான் பாட்டுத் தேடி எடுக்கிறேன். இது எந்தச் சல்லடையில் விழுந்தது?

மணி சாரிடமும் எனக்கு ஒரு சண்டை. சும்மா அழகு, வேலையத்த அழகு என்றே பேசுகிறீர்கள். என் பக்கத்தைச் சொல்கிறேன். 1999ல் ஓர் இலவச சேவையில் அந்துப்பூச்சிகளுக்கென்று பக்கம் வைத்திருந்தேன். பதினாறு பூச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேன் படம், கீழே எத்தனை தடவை பக்கம் திறக்கப்பட்டது என்று காட்டும் ஒரு எண்ணி. எண்ணி 000412 காட்டியது. அதில் முந்நூறு தடவையாவது நானே பார்த்ததாக இருக்கும். வந்து போகிறவர்கள் கருத்து எழுதும் விருந்தினர் ஏட்டில் ஒருவர், "ஏழாவது படத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் பெயர் தவறு, பின்சிறகின் ஓரத்தைப் பாருங்கள்" என்று எழுதினார். பார்த்தேன். தவறுதான். அந்த ஒரு வரியால்தான் நான் பூச்சிகளை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு சேவையை மூடினார்கள், அறிவிப்பு என் கண்ணில் படவே இல்லை. போன வருடம் வேபேக்கில் தேடினேன். பதினாறு படமும் உடைந்த சதுரங்கள். விருந்தினர் ஏடு மட்டும் முழுசாக இருக்கிறது.

சும்மாவந்தேன்:
அக்கா, அந்த ஏழாவது பூச்சி என்ன பூச்சி?

பூச்சிப்பிரியை:
படம் இல்லையே தம்பி. பெயர் மறந்துவிட்டது, சிறகின் ஓரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கறார்கண்ணன்:
அம்மா, உங்கள் பக்கம் குப்பை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மதுரைத் திட்டத்தை மறந்தது என் பிழை. ஆனால் உங்கள் கதை என் கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. அந்த வலை வாடகை இல்லாத வீடு. காலி செய் என்றால் காலி. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 1999ல் வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் கடைசி நேரத்தில் ஓடி வந்து அள்ளியதால்தான் கொஞ்சம் மிஞ்சியது.

மோடம்மணி:
அது அந்தக் காலத்து நோய் மட்டும் இல்லை. 2013ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் காணாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் சொன்னது. அப்போது கூகுளும் இருந்தது, பணமும் இருந்தது. தம்பி, உனக்கு மட்டும் ஒரு வழி: வேபேக்கில் பக்கம் உடைந்திருந்தால் வேறு தேதியில் திறந்து பார். ஒரு நாள் விட்ட படத்தை இன்னொரு நாள் பிடித்திருக்கும். பூச்சிப்பிரியை, நீங்களும் எல்லாத் தேதியும் பார்த்தீர்களா?

பூச்சிப்பிரியை:
இரண்டுதான் பார்த்தேன். இருங்கள், வருகிறேன்.

கறார்கண்ணன்:
அவர் வருவதற்குள் சும்மா என் 2000ஆம் ஆண்டுப் பக்கத்தையும் தேடினேன். கிடைத்தது. மஞ்சள் தொப்பி ஆள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

மோடம்மணி:
முகவரி?

கறார்கண்ணன்:
தர மாட்டேன்.

பூச்சிப்பிரியை:
2002 மார்ச் நகலில் நாலு படம் இருக்கிறது. ஏழாவது இல்லை. இன்னும் பதினொரு தேதி பாக்கி.