புதுப்பிப்பு: ஆன்லைன் போட்டோகிராபி கோர்ஸில் பயிற்சிப் படங்கள்

தொலைவழியில் போட்டோகிராபி படிக்க எந்த கேமரா, லென்ஸ் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியாக, பயிற்சிப் படங்களை எப்படி எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவது என்று இதில் பார்ப்போம்.

உங்கள் திரையில் பளிச்சென்று இருக்கும் படம் ஆசிரியரிடம் போனதும் வெளிறித் தெரிந்தால், அது பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபி என்ற விரிவான வண்ண அமைப்பில் சேமித்ததாக இருக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லாத் திரைகளுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். நீளப்பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 தாராளம். "படம் இருட்டு" என்று அடிக்கடி பதில் வருகிறதா? உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருக்கலாம். அதைக் குறைத்து, ஹிஸ்டோகிராமை (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நம்புங்கள்.

எக்ஸிஃப் தகவலை (கேமரா படத்தோடு பதிந்துவைக்கும் அமைப்பு விவரங்கள்) அழிக்காதீர்கள், ஜிபிஎஸ்ஸை மட்டும் நீக்கினால் போதும். படம் மங்கலாக இருந்தால், 1/15 நொடியில் கை ஆடியதா, எஃப் 1.8-இல் (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை; எண் கூடக்கூட துளை சிறிதாகும்) ஃபோகஸ் தவறியதா என்று ஆசிரியர் கண்டுபிடிக்க அதுதான் தடயம். சாட் செயலியில் போட்டோவாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஒரே காட்சியை வெவ்வேறு அப்பர்ச்சரில் (லென்ஸ் துளை அளவில்) எடுக்கும் பயிற்சியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடு (துளையை நீங்கள் தேர்ந்தெடுக்க, ஷட்டர் நேரத்தைக் கேமரா தீர்மானிக்கும்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள், மேனுவல் ஃபோகஸ் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் வேறு ஏதோ ஒன்று மாறி, ஒப்பிடவே முடியாது. எஃப் 2.8-இல் 1/250 நொடி என்றால் எஃப் 22-இல் 1/4 நொடி ஆகிவிடும். ஆறு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இருமடங்காவது). எனவே டிரைபாடும் 2 நொடி டைமரும் கட்டாயம். எஃப் 22 படம் முழுவதும் லேசாகக் கூர்மை குறைந்திருந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் வருவது அது. ஒப்பிட்டுப் பார்க்க எஃப் 8 படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.