கண் வைத்த கல்

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லிலிருந்து:

நம் முன்னோர் கரும்பு நட நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிக் குவித்த கற்களில்தான் நான் கிளியும் ஆமையும் வரைவது வழக்கம். தைப்பூசத்துக்கு முன்பு, முற்றத்துச் சுவரின்மேல் காய வைத்திருந்த ஆந்தைக் கல் காணாமற்போயிற்று. காவடி முடிந்து திரும்பும் வழியில் அதை ஒரு மரத்தடியில் கண்டேன். உடல் முழுவதும் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, அலகின் கீழே கற்பூரம் எரிந்த கரி படிந்திருக்க, நான் அக்ரிலிக்கில் தீட்டிய வட்டக் கண்கள் இரண்டும் பளிச்சென்று விழித்துக்கொண்டிருந்தன. அருகில் நின்ற மூதாட்டி, அம்மன் தானே வந்து அமர்ந்திருப்பதாகத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது என் கல் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் மனம் அரிக்கிறது.

போர் லூயியிலிருந்து:

சொல்லாததே நல்லது. ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்பார்கள்; நீங்கள் அதற்குக் கண் வேறு வைத்துவிட்டீர்கள். என் மகள் கல்லில் தீட்டிய மீனுக்குக் கண் வைக்க என் மாமியார் விடவேயில்லை.

கியூர்பிப்பிலிருந்து:

முன்னவர் கூறுவதை ஏற்க இயலவில்லை. கண் திறப்பது வழிபாட்டுக்கென்று செதுக்கிய சிலைக்கு உரிய சடங்கு. விளையாட்டாகத் தீட்டிய மீனுக்கு அது எப்படிப் பொருந்தும்? என் கல் ஒன்றும் கைவிட்டுப் போனது, ஆனால் மழையால். ஆகவே எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன். நம் தீவின் எரிமலைக் கல்லில் குமிழித் துளைகள் நிறைய உண்டு. தூரிகை நுனி அவற்றில் விழுந்தால் கோடு உடையும். பழைய பல் பிரஷால் சோப்பு நீர் விட்டுத் தேய்த்து, துளைக்குள் இருக்கும் ஈரமும் போகும்வரை வெயிலில் காயவிட்டு, வெள்ளை அடிப்பூச்சை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். அது இல்லாமல் கருங்கல்லின்மேல் நேரே மஞ்சளைத் தீட்டினால் பச்சை ஓடியதுபோல் தெரியும். ஈரம் தங்கிய கல்லில் வார்னிஷ் பூசினால் படலம் பால்போல் வெளுத்து உரியும். எங்கள் ஊர் மழைக்கு இது அடிக்கடி நேர்வதுதான். வெளியில் வைப்பதானால் கல்லின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் வேண்டும், இல்லையேல் நீர் கீழிருந்து ஏறும். புதிதாகத் தொடங்குவோர் ஆற்றில் உருண்டு வழவழப்பான கல்லை எடுப்பதே எளிது.