ஸ்காட்லாந்து எழுத்தாளரும் அரசியல்வாதியுமான கன்னிங்ஹாம் கிரஹாமை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? மூன்று பேரின் பதில்கள்:

எனக்கு அவர் அறிமுகமானதே கல்லறையில்தான். ஸ்காட்லாந்தின் மென்டீத் ஏரிக்குள் இஞ்ச்மஹோம் என்று ஒரு தீவு. துறையில் நிற்கும் பலகையை வெள்ளைப் பக்கம் தீவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தால், படகுக்காரர் புரிந்துகொண்டு வருவது வழக்கமாக இருந்தது. குழந்தை ராணி மேரியை 1547இல் ஒளித்துவைத்த மடம் என்றுதான் போனேன். கூரை போன அந்த மடத்துக்குள் கிரஹாமும் அவர் மனைவியும் கிடக்கிறார்கள். 1906இல் மனைவி இறந்தபோது குழியைத் தன் கையாலேயே வெட்டினாராம். 1936இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் காலமானவரைக் கப்பலேற்றி இதே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

யார் இந்த ஆள் என்று தேடினால் தலை சுற்றுகிறது. 1886இல் லிபரல் எம்.பி., பேச்செல்லாம் சோஷலிசம். 1887 நவம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கப் போராட்டத்தில் போலீஸ் அடி, அப்புறம் பென்டன்வில் சிறை. 1888இல் தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டியோடு சேர்ந்து ஸ்காட்டிஷ் லேபர் கட்சி. 1892இல் பதவி போச்சு. அதோடு முடிந்தது என்று நினைத்தால், 1934இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி (எஸ்.என்.பி.) உருவானபோது எண்பதைத் தாண்டிய வயதில் அதன் முதல் தலைவர்!

*

நான் எழுத்து வழியாக வந்தவன். மொராக்கோவில் துருக்கி மருத்துவர் வேஷம் போட்டு, தடை செய்யப்பட்ட ஊருக்குப் போகப் பார்த்து மாட்டிக்கொண்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். போக முடியாத பயணத்துக்கு ஒரு முழுப் புத்தகம்! தென் அமெரிக்க வரலாறுகளைவிட அவருடைய குட்டி எழுத்துச் சித்திரங்கள்தான் எனக்கு உசத்தி. நாடாளுமன்ற அவையில் சொன்னதை வாபஸ் வாங்கச் சொன்னபோது "நான் வாபஸ் வாங்குவதில்லை" என்றாரே, அதை பெர்னார்ட் ஷா தன் நாடகப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார். அந்த முரட்டுத்தனம்தான் இவரை நாடாளுமன்றத்தில் மேலே போகவிடவில்லை என்பது என் கணிப்பு.

*

குதிரையை விட்டுவிட்டீர்களே! கிளாஸ்கோவில் டிராம் இழுத்துக்கொண்டிருந்த கறுப்புக் குதிரை, சூட்டுக்குறியைப் பார்த்ததும் அர்ஜென்டினாக் குதிரை என்று கண்டுபிடித்து விலைக்கு வாங்கினார். பாம்பா என்று பெயர். நாடாளுமன்றத்துக்கே அதில்தான் போவார். கார்ட்மோர் கிராமத்தில் உள்ள அவர் நினைவுச்சின்னத்தில் பாம்பாவுக்கும் இடம் உண்டு. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே கற்களும் பதித்திருக்கிறார்கள். கடனால் 1900இல் விற்க நேர்ந்த அவருடைய பரம்பரை மாளிகையும் அதே ஊர்தான். தீவுக்குப் போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், பக்கம்தான். குளிர்காலத்தில் படகு கிடையாது.