செய்தியைப் படிக்காமலேயே மூலத்தைக் கண்டுபிடித்த மாணவி

முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில், கல்லூரி மைதானத்தில் டெலோஸ்-பி எனப்படும் 36 சிறிய கம்பியில்லா உணரிக் கருவிகளை (கணுக்களை) ஆறுக்கு ஆறாகப் பரப்பி, பக்கத்துக் கணுக்களோடு மட்டுமே பேசும்படி அலைபரப்புத் திறனைக் குறைத்து, ஓர் உணரி வலையமைப்பை அமைத்திருந்தேன். ஒரு கோடியில் வாதுமை மரத்தடியில் இருந்த கணு பத்து விநாடிக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) அனுப்ப, அது கைமாறிக் கைமாறி எதிர்க்கோடியில் தரவுகளைச் சேகரிக்கும் தளநிலையத்தை அடைந்தது. எல்லாவற்றையும் ஏஇஎஸ்-128 என்ற முறையில், மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருந்ததால், மூலம், அதாவது பாக்கெட்டை முதலில் அனுப்பும் கணு, எங்கே இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரிய வழியில்லை என்று உறுதியாக நம்பினேன்.

அதைச் சோதிக்க, முதலாண்டு மாணவி ஒருவரிடம் திசை ஆன்டெனாவையும் மடிக்கணினியையும் மட்டும் கொடுத்து, தளநிலையத்தருகே நிற்கச் சொன்னேன். பாக்கெட் வந்த பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி, சமிக்ஞை வலுத்த கணுவரை நடந்து, அங்கேயே அடுத்த பாக்கெட்டுக்காகக் காத்திருந்து, அது எந்தக் கணுவிலிருந்து வருகிறது என்று பார்த்து மீண்டும் நடந்தார். பதினோராவது நிமிடத்தில் மரத்தடியில் நின்றார். ஒரு செய்தியைக்கூட அவர் படித்திருக்கவில்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-லேயே இதைப் பாண்டாவும் வேட்டைக்காரனும் என்ற உருவகத்தில் விளக்கியிருந்தார்கள்: பாண்டாவைக் கண்ட கணு பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சே வேட்டைக்காரனுக்கு வழிகாட்டிவிடும். அவர்கள் முன்வைத்த மாய வழிச்செலுத்தலில், பாக்கெட் முதலில் சில தாவல்கள் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) அலைந்த பிறகே தளநிலையத்தை நோக்கிப் புறப்படும். நான் முதலில் அதைத் தவறாகச் செய்தேன். ஒவ்வொரு தாவலிலும் ஏதோ ஓர் அண்டைக் கணுவைத் தேர்ந்தெடுக்க விட்டதால், முன்னே போனது பின்னே திரும்பி, பாக்கெட் பெரும்பாலும் இரண்டு மூன்று தாவல் தொலைவுக்குள்ளேயே மரத்தைச் சுற்றி வந்தது; மாணவியும் எளிதில் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பாக்கெட்டும் தொடக்கத்திலேயே ஏதேனும் ஒரு திசையைத் தேர்ந்து அதிலேயே அலையும்படி மாற்றிய பிறகுதான், பாக்கெட்டுகள் வெவ்வேறு வழிகளில் வர, நின்ற இடத்தில் நிமிடக்கணக்கில் எதுவும் கேட்காமல், நாற்பது நிமிடத்தில் அவர் தேடலை நிறுத்திக்கொண்டார்.

மைதானம் முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடியவரிடம் இந்த முறை செல்லாது. முதலில் பேசிய கணு எது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவரை ஏமாற்ற, விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லாக் கணுக்களும் ஒரே ஒழுங்கில் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு டபுள்-ஏ பேட்டரிகளில் ஓடும் கணு அதை நீண்ட நாள் தாங்காது. ஆகவே, அரிய விலங்குகள் உள்ள காட்டில் வைக்கப் போகும் வலையமைப்பானால், பேட்டரி மாற்றும் செலவையும் நிதி கேட்கும்போதே சேர்த்துக் கேட்குமாறு என் மாணவர்களை இப்போது வற்புறுத்துகிறேன்.