களக்குறிப்பை எப்போது எழுதுவது?

கேள்வி:
சமூகவியலில் பிஎச்டி, இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்காக டெல்டா பக்கம் ஒரு ஊரில் நாலு மாதமாகத் தங்கியிருக்கிறேன். பார்ப்பதையும் கேட்பதையும் களக்குறிப்பாக எழுத நோட்டை எடுத்தாலே டீக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது, "எந்த ஆபீஸ்மா நீ?" என்கிறார்கள், சரி என்று எழுதாமல் விட்டால் ராத்திரிக்குள் பாதி மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில் 1:
நானும் இதில் தவித்தவள்தான், தங்கச்சி. குட்டி டைரியில் ஒற்றைச் சொற்கள் மட்டும் போதும்: "வாய்க்கால் முறை, பெரியப்பா கோபம், 300 ரூபாய்". தூங்கும் முன் அதை வைத்து முழுதாக எழுதிவிடு, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

பதில் 2:
அப்புறம், பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர் பக்கம் ராம்புராவில் தங்கி எழுதியதைப் பல வருடம் தொகுத்து வைத்திருந்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள், தொகுத்ததன் மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்ததால் மொத்தமும் போயிற்று. மூலக் குறிப்புகள் டெல்லியில் தப்பின, ஆனாலும் அந்த ஊரைப் பற்றிய நூலைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். எனக்கு இன்றும் மனசு பதறும்.

பதில் 3:
எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ஆய்வுக்காக ஒரு தஞ்சாவூர்க் கிராமத்தில் அக்கிரகாரத்தில் தங்கினார், அதனால் சேரிக்குப் போய்ப் பழகுவது அவருக்குச் சுலபமாக இல்லை. ஊர்ப் பெயரையும் ஸ்ரீபுரம் என்று மாற்றித்தான் எழுதினார், நீங்களும் இப்போதே நோட்டில் பெயர்களை மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும். நான் இருப்பது மேலத்தெருவில். நாளை முதல் வேலையாக அதை எழுதுகிறேன்.