சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபம் வேண்டும், கழகத்துக்கு ஆளும் வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் நம்ம தோட்டத்துப் பிள்ளைதான், இப்போது கம்பாரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மாணவர் அரசியல் கழகத்தில் செயலாளர், பொருளாளர் இரண்டு பொறுப்பும் காலி, சீனியர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அங்கே படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அரசியல் என்றதும் அம்மா அப்பா பயப்படுவது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அப்படித்தான், ஆனால் 2018 டிசம்பரில் மலேசிய நாடாளுமன்றம் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்திய பிறகு வளாகத்திலேயே மாணவர்கள் அரசியலில் ஈடுபடலாம்.

அப்புறம், அடுத்த மாதம் இங்கே ஒரு சனிக்கிழமை காலை ஓட்டுரிமை விளக்கக் கூட்டம் வைக்கிறோம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகப் பதிவாகிவிடும், சரி, ஆனால் ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் முகவரிப்படிதான் தொகுதி. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு டவுனுக்கு வந்து பல வருடமாகியும் முகவரி மாற்றாத குடும்பம் எத்தனையோ! வருகிறவர்களுக்கு எந்தத் தொகுதி என்று, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் விவரத் தளமான மைஎஸ்பிஆர் செமாக்கில் அங்கேயே பார்த்துச் சொல்வோம்.

ஐம்பது பேர் உட்கார ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர் வேண்டும். கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ, யாரிடம் கேட்கலாம்? 2008 தேர்தலில் இங்கே வேலை செய்த பெரியவர்கள் யாராவது வந்து பேசினால் ரொம்ப நன்றாக இருக்கும். இன்பாக்ஸில் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.